ஏப்ரல் கடைசியில் ஆம்ஸ்டர்டாம் போகிறவர்களுக்கு: பாஸ் அப்புறம், முதலில் தேதி

கோவையிலிருந்து கணவன், மனைவி, 10 வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா என்று நான்கு பேர். 2027 ஏப்ரல் 24 முதல் 29 வரை ஆம்ஸ்டர்டாமில் ஐந்து இரவு. டூலிப் தோட்டம், ஓவியர் வான் கோவின் மியூசியம், நாஜிகளிடமிருந்து தப்ப யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீடு மூன்றும் கட்டாயம். 'எந்தச் சுற்றுலா பாஸ் வாங்கினால் லாபம்' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன விவரங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அம்மாவை அலைக்கழிக்காமல் இந்த மூன்றையும் ஐந்து நாளில் எப்படிப் பார்ப்பது என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடை பாஸில் இல்லை, தேதியில் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் தேதி, அந்த ஊரில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் நாட்கள். விமான டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏப்ரல் 27 நெதர்லாந்து மன்னரின் பிறந்தநாள். நாடே கொண்டாடும் அரச நாள். (27 ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் மட்டும் 26-ஆம் தேதி கொண்டாடுவார்கள். 2027-இல் அது செவ்வாய்.) 26-ஆம் தேதி இரவே ஆட்டபாட்டம் தொடங்கிவிடும். 27 அன்று நகரின் மையப் பகுதிக்குள் டிராம் ஓடாது. கால்வாய் முழுக்கப் படகுகள், தெரு முழுக்க ஆரஞ்சு உடை, வாசலுக்கு வாசல் பழைய சாமான் கடை. அருங்காட்சியகங்களில் சில மூடியிருக்கும், சில நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டத்தில் கலந்து கொண்டாட வருகிற இளைஞர்களுக்கு அருமையான நாள். முழங்கால் வலியோடு வருகிறவருக்கு, அன்று அறையிலிருந்து ரயில் நிலையம் வரை நடப்பதே பாடாகிவிடும். அந்த மூன்று நாட்களுக்கு அறை வாடகையும் எகிறும். போதாததற்கு, டச்சுப் பள்ளிகளின் மே விடுமுறையும் அந்த வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும்.

அதனால் மகளின் ஆண்டுத் தேர்வு 16-ஆம் தேதிக்குள் முடியுமென்றால் ஏப்ரல் 18 ஞாயிறு போய் இறங்கி 23 வெள்ளி கிளம்புங்கள். முடியாதென்றால் 28 இறங்கி மே 3-க்குள் கிளம்புங்கள். மே 4 இரவு 8 மணிக்கு, போரில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். அப்போது டிராமும் ரயிலும்கூட நிற்கும். அதில் உங்களுக்கு இடைஞ்சல் ஒன்றுமில்லை, மறுநாள் விடுதலை நாள் என்பதால் கூட்டம் மட்டும் கூடும். இரண்டில் எது என்று கேட்டால் 18–23 என்றே சொல்வேன். காரணம் பூ.

பூ விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, முடியாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். டூலிப்புக்குப் பேர்போன கூகன்ஹாஃப் தோட்டம் மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து மே இரண்டாம் வாரம் வரை ஏறக்குறைய எட்டு வாரம் மட்டும் திறந்திருக்கும். இது ஆண்டுதோறும் மாறாத ஏற்பாடு. 32 ஹெக்டேர் பரப்பு, இலையுதிர் காலத்தில் கையால் நடும் சுமார் 70 லட்சம் கிழங்குகள். கிழங்குகளை ஒரே குழியில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். தாமதமாகப் பூக்கும் டூலிப் ஆழத்தில், சீக்கிரம் பூப்பது அதற்கு மேலே, குரோக்கஸ் என்ற சிறு பூ எல்லாவற்றுக்கும் மேலே. மேல் அடுக்கு வாடும்போது கீழ் அடுக்கு எழுந்துவரும். அதனால்தான் தோட்டத்துக்குள் ஏப்ரல் தொடக்கத்தில் போனாலும் மே முதல் வாரத்தில் போனாலும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். குளிர் நீண்டு வெளியே எதுவும் மலராவிட்டாலும் உள்ளரங்கில் டூலிப் உண்டு.

யூடியூபில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிவப்பு, மஞ்சள் பட்டைகளாக விரியும் வயல்கள் தோட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அவை விவசாயிகளின் சொந்த நிலம். அவர்களுக்கு வேண்டியது பூ இல்லை, கிழங்கு. பூ மலர்ந்து, நோய் தாக்கிய செடிகளைப் பார்த்துப் பிடுங்கியதும், ஓர் இயந்திரம் வரிசை வரிசையாகப் போய்த் தலைகளை வெட்டிவிடும். செடியின் சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்கு இறங்குவதற்காக இப்படிச் செய்கிறார்கள். காலையில் சிவப்பாக இருந்த வயல் மாலையில் வெறும் பச்சைத் தண்டாக நிற்கும். வழக்கமான ஆண்டுகளில் வயல்கள் நிறைந்திருப்பது ஏப்ரல் நடுவிலிருந்து மூன்றாம் வாரம் கடக்கும் வரை. மார்ச் வெப்பமாக இருந்தால் எல்லாமே ஒரு வாரம் முந்தும், குளிராக இருந்தால் பிந்தும். அந்தத் தேதியை டிசம்பரில் யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி பேக்கேஜ் விற்கிறவரை நம்ப வேண்டாம். 18–23 என்று நான் சொல்வது வாய்ப்பு அதிகம் என்ற கணக்கில்தான்.

அடுத்து விசா. நெதர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. கூடுதல் பரிசீலனை என்று வந்தால் 45 நாள் வரை இழுக்கும். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் மகளுக்கு 45 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அம்மாவுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான அவசரச் சிகிச்சையும் அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கஷ்டம், எனவே சனவரியிலேயே கைரேகை கொடுத்துவிடுங்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டையோ அறையையோ எடுக்காதீர்கள். பாரிஸையும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற யோசனை வந்தால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஐந்து இரவில் இரண்டு ஊர் வேண்டாம் என்பது என் கருத்து.

விசா வந்த பிறகு முதலில் வாங்க வேண்டியது ஆன் ஃபிராங்க் வீட்டு டிக்கெட். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வாசலில் டிக்கெட் கிடையாது, ஏஜென்ட் மூலமும் கிடையாது. அவர்களுடைய சொந்த இணையதளத்தில் மட்டும், ஒவ்வொரு செவ்வாயும் அந்த ஊர் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வருகிற தேதிகளுக்கான டிக்கெட்டைத் திறக்கிறார்கள். சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஏப்ரல் 20-ஐ ஒட்டிய வாரத்துக்கு நீங்கள் உட்கார வேண்டிய நாள் மார்ச் 9 செவ்வாய். நேரத்தைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது மார்ச் கடைசி ஞாயிறு, 2027-இல் அது 28-ஆம் தேதி. மார்ச் 9 அன்று அங்கே இன்னும் குளிர்கால நேரம்தான் என்பதால் அவர்களின் 10 மணி நமக்கு மதியம் 2:30. கோடை நேரக் கணக்கில் 1:30 என்று நினைத்து உட்கார்ந்து, ஒன்றும் திறக்கவில்லையே என்று எழுந்து போய்விடாதீர்கள். 2:15-க்கே பக்கத்தைத் திறந்து வையுங்கள். வரிசை எண் போட்டு நிற்க வைப்பார்கள், அப்போது பக்கத்தைப் புதுப்பிக்கக் கூடாது. வங்கியின் ஓடிபி வரும் போன் கையில் இருக்கட்டும். கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை முந்தைய நாளே வங்கிச் செயலியில் திறந்து வைத்திருங்கள்.

அந்த வீட்டில் அம்மாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. நகரும் புத்தக அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மறைவிடத்தில் லிஃப்ட் கிடையாது. படிகள் ஏணி போலச் செங்குத்தானவை, பாதம் முழுதாகப் பதியாது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஏறலாம் என்ற கணக்கு வேண்டாம், பின்னால் வருகிறவர்கள் காத்திருக்க, நடுவில் நின்று இளைப்பாற அங்கே இடமில்லை. மகளுக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் என இரண்டு டிக்கெட் எடுங்கள். மற்றவர் அம்மாவோடு இருக்கட்டும். உள்ளே அறைகள் காலியாகவே இருக்கும், நாற்காலி மேசை எதுவும் கிடையாது. 1942 சூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை ஆனின் குடும்பமும் பின்னால் வந்து சேர்ந்தவர்களுமாக எட்டுப் பேர் அங்கே அரவம் காட்டாமல் வாழ்ந்தார்கள் என்பதை மகளுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் போகும் குழந்தைக்கு அது வெறும் காலி அறை.

வான் கோ மியூசியத்துக்கும் நேரம் குறித்த ஆன்லைன் டிக்கெட் மட்டுமே. ஆனால் அவ்வளவு அவசரம் இல்லை, மூன்று நான்கு வாரம் முன்பு எடுத்தால் விரும்பிய நேரம் கிடைக்கும். நாட்டின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்துக்கும் அப்படித்தான். இரண்டிலும் பெரியவருக்கு ஏறத்தாழ 25 யூரோ, 18 வயதுக்குக் கீழ் இலவசம். இலவசம் என்றாலும் மகளுக்கும் நேரம் பதிவு செய்தாக வேண்டும். இரண்டிலும் லிஃப்ட் இருக்கிறது. ரைக்ஸ்மியூசியத்தில் காலை 9 மணி நேரத்தை எடுத்து, நேராக இரண்டாம் தளத்துக்குப் போய்விடுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' (1642) அங்கே கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. அதை ஆராய்ந்து பழுதுபார்க்கும் வேலை 2019 முதல் பார்வையாளர்கள் கண்முன்னேயே நடந்துவருகிறது. 10 மணிக்கு மேல் குழுக்கள் வந்துவிடும், படத்தின் முன்னால் முதுகுகள்தான் தெரியும். இன்னொரு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' படமும் அதே நீண்ட கூடத்தில்தான். எதிர்பாராத அளவுக்குச் சின்னப் படம், அரை மீட்டர் உயரம்கூட இல்லை. குடத்திலிருந்து பால் மெல்லிய கோடாக விழுவதையும், ரொட்டி மேல் வைத்த வெளிச்சப் புள்ளிகளையும் மகளைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மியூசியமும் ஒரே மைதானத்தில் இருக்கின்றன என்பதற்காக ஒரே நாளில் அடைக்காதீர்கள். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மியூசியமே அதிகம்.

கூகன்ஹாஃபுக்கு செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒரு நாள். ஏப்ரல் நடுவாக்கில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை 40 கிலோமீட்டருக்கு மேல் மலர் ஊர்வலம் நடக்கும். அன்று அந்தப் பக்கச் சாலைகள் அசையாது, தேதி பார்த்துத் தவிருங்கள். தோட்டத்தின் டிக்கெட்டும் நேரம் குறித்ததுதான், சுமார் 20 யூரோ, மகளுக்கு அதில் பாதி. குறிப்பிட்ட நேரம் நுழைவதற்கு மட்டும், உள்ளே போன பின் மூடும் வரை இருக்கலாம். காலை 10:30-க்கு முன் நுழையுங்கள். காலை 11 முதல் மாலை 4 வரைதான் சுற்றுலாப் பேருந்துகள் கொட்டும் நேரம். ஸ்கிப்ஹோல் விமான நிலையத்திலிருந்து 858, லெய்டன் ரயில் நிலையத்திலிருந்து 854 எண் பேருந்துகள் நேராக வாசலுக்குப் போகும். நுழைவும் பேருந்தும் சேர்ந்த டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். விமானம் இறங்கிய கையோடு பெட்டிகளோடு தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். குடியேற்ற வரிசையில் இப்போது முதல்முறை நுழைகிறவர்களின் முகத்தைப் பதிவு செய்கிறார்கள், எத்தனை நேரம் ஆகும் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. நேரம் தவறினால் டிக்கெட் பணம் போச்சு. உள்ளே பாதைகள் சமமானவை. சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அம்மா வேண்டாம் என்றாலும் ஒன்றை எடுத்துவையுங்கள். ஐந்து மணி நேர நடை அது. வயல்களில் புகைப்படத்துக்காக இறங்காதீர்கள். வரப்பை ஒட்டி வாய்க்கால் இருக்கும், மிதித்தால் கிழங்கு சேதமாகும், விவசாயிகள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட பாஸ். நகர அட்டை (I amsterdam City Card) என்ற பாஸில் ரைக்ஸ்மியூசியம், ஒரு படகுச் சவாரி, நகர டிராம், பேருந்து, மெட்ரோ எல்லாம் உண்டு. ஆன் ஃபிராங்க் வீடும் வான் கோ மியூசியமும் அதில் இல்லை, விமான நிலைய ரயிலும் இல்லை. உங்கள் பட்டியலில் அட்டையால் மிச்சமாவது ரைக்ஸ்மியூசியம் 25, படகு சுமார் 20, மூன்று நாள் டிராம் சுமார் 20, ஆக 65 யூரோ அளவு. மூன்று நாள் அட்டை 100 யூரோவுக்குக் குறையாது. மகளுக்கு மியூசியம் எப்படியும் இலவசம். எனவே அட்டை வேண்டாம். டிராமுக்குத் தனி நாள் டிக்கெட் எடுங்கள். முதலில் கார்டு தொட்ட நேரத்திலிருந்து 24, 48, 72 மணி என்று ஓடும், நள்ளிரவில் முடியாது. 4 முதல் 11 வயதுக்குச் சலுகை விலையில் ஒரு நாள் டிக்கெட் தனியாக இருக்கிறது. ரயிலில் அதே வயதுக்கு 'ரெயில்ரன்னர்' என்ற மலிவு டிக்கெட் கேளுங்கள்.

பெரியவர்கள் ரயிலில் வங்கிக் கார்டையே தொட்டு ஏறி, தொட்டு இறங்கலாம். மூன்று விஷயம் கவனம். ஒரு கார்டு ஒருவருக்கு மட்டும், ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தொட்டால் இரண்டாவது தொடுதல் இறங்கியதாகக் கணக்காகும். போனில் தொட்டு ஏறினால் போனில்தான் தொட்டு இறங்க வேண்டும். அதே வங்கிக் கார்டு என்றாலும் இயந்திரம் அதை வேறாகத்தான் பார்க்கும். இறங்கும்போது தொட மறந்தால் நடந்த பயணத்தைவிட அதிகமான தொகை பிடிக்கப்படும். விசா அல்லது மாஸ்டர்கார்டு வகை வங்கிக் கார்டில் தொட்டுச் செலுத்தும் வசதி வெளிநாட்டுக்கும் திறந்திருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். ரொக்கம் வாங்காத கடைகள் அங்கே நிறைய.

தங்குமிடத்தில் 'லிஃப்ட் உண்டா' என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பார்கள், படத்தில் அழகாக இருக்கும், மூன்றாம் மாடிக்குச் செங்குத்துப் படி. இணையத்தில் காட்டும் விலையில் நகரின் 12.5 சதவீதச் சுற்றுலா வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2026 முதல் அறைகளுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 9-லிருந்து 21 சதவீதமாகிவிட்டது, பழைய வலைப்பதிவுகளில் உள்ள வாடகைக் கணக்கு இனி உதவாது. நகருக்குள் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஹார்லெம் நல்ல மாற்று, ரயிலில் 20 நிமிடத்துக்குள். லெய்டனும் நன்றாகவே இருக்கும், 35 நிமிடம், கூகன்ஹாஃப் பேருந்தும் அங்கிருந்தே. ஆனைமங்கலச் செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்று படித்திருப்போமே, அந்த ஊர்தான்.

நாட்களை இப்படி வைப்பேன்: ஞாயிறு இறங்கி ஓய்வு, மாலையில் கால்வாய்ப் படகு. திங்கள் ரைக்ஸ்மியூசியம். செவ்வாய் கூகன்ஹாஃப். புதன் வான் கோ, அங்கே தம்பிக்கு மகன் பிறந்ததற்காக 1890-இல் அவர் வரைந்த வாதுமைப் பூக்களை அம்மாவுக்குக் காட்டுங்கள். வியாழன் காலை ஆன் ஃபிராங்க் வீடு, மதியம் ரயிலில் ஸான்ஸ ஸ்கான்ஸ் காற்றாலைகள். வெள்ளி கிளம்பல். நேரம் குறித்த டிக்கெட் நாளுக்கு ஒன்றுதான், அதுவும் காலையில். மாலை ஆறு மணிக்கு மேல் எதையும் எழுதிவைக்க வேண்டாம், இரவு எட்டரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஏப்ரல் கடைசியில் எல்ம் மரங்களின் விதை உதிரத் தொடங்கும். காகிதம் போல மெல்லிய வெளிர்ப்பச்சை வட்டங்கள் கால்வாய்த் தண்ணீர் மேலும் மிதிவண்டி இருக்கைகள் மேலும் படிந்து கிடக்கும். பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம்.

பகலில் 13, 14 டிகிரி, விடியலில் 5. குளிரைவிடக் காற்றும் தூறலும்தான் படுத்தும். குடை திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைக்கோட்டு நான்கு பேருக்கும் வேண்டும். உள்ளே ஒரு ஸ்வெட்டர், அதற்குள் ஒரு தெர்மல், கழற்றிப் போட வசதியாக. சைவச் சாப்பாட்டுக்குப் பயமில்லை. சுரினாம் நாட்டுச் சமையல் கடைகளில் உருளைக்கிழங்கும் காராமணியும் வைத்த ரொட்டி கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் தயிர் கிடைக்கும், குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். சிவப்பு நிறத் தார்ப்பாதை மிதிவண்டிக்கானது. அதில் நின்று படம் எடுக்காதீர்கள், டிராமிலிருந்து இறங்கியதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்துவிடுங்கள்.

மலர்ச் சந்தையில் டூலிப் கிழங்கு வாங்கிவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நடுவதற்கான கிழங்கு இலையுதிர் காலத்துச் சரக்கு, ஏப்ரலில் விற்பது பெரும்பாலும் பழையது. பூச்சி, நோய்த் தடுப்புச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் இந்திய விமான நிலையத்தில் விடமாட்டார்கள். விட்டாலும், பல வாரக் கடுங்குளிர் கிடைக்காமல் அது பூக்காது. அந்தக் காசுக்கு ஆல்பர்ட் கைப் சந்தையில் சூடாகப் போட்டுத் தரும், பாகு வைத்த மெல்லிய வாஃபலான ஸ்ட்ரோப்வாஃபல் வாங்கிக் கொடுங்கள், மகளும் அம்மாவும் சாப்பிடுவார்கள். ஞாயிறு அந்தச் சந்தை கிடையாது.